பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது எப்படி?

எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் மிஷனரி காணிக்கைக்குக் குறைவே வராது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தெலுங்கு நாட்டுக்கும் அதற்கு அப்பாலும் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இருக்கிறாரே, தீபாவளி தவறாமல் முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பி, கிறிஸ்மஸுக்கு நம் வீட்டுக் கேக்கை வாங்கிக்கொள்கிறவர், அவரிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறோமா? தூரத்து ஊருக்கு ஆள் அனுப்பக் காசு கொடுத்தாயிற்று, உள்ளூரில் வாய் திறக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டோம்.

அந்தச் சங்கத்துக்கு முன்நின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. 1912-இல் தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார். அங்கே ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்ற பவுலின் வாக்கியத்தைச் சொல்லச் செய்வாராம். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத கூலி விவசாயிகள். டிகிரியும் வாங்கி, ஞாயிறு பள்ளிப் பரீட்சையில் பரிசும் வாங்கிவிட்டு, "எனக்கு வேதம் அவ்வளவாத் தெரியாதே" என்று நாம் சொன்னால் எடுபடுமா?

நான் எல்ஐசி ஏஜென்டாக இருந்து ஓய்ந்தவன். ஆகையால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாலிசி பிடிக்கிற மாதிரி இதைச் செய்யாதீர்கள். இங்கே மார்ச் மாத டார்கெட் கிடையாது, கமிஷன் கிடையாது, கையெழுத்து விழும்வரை ஒருவர் வீட்டுக்கு நடையாய் நடக்க வேண்டியதும் கிடையாது. ஆனாலும் அந்தத் தொழிலில் படிந்த இரண்டொரு பழக்கம் இங்கேயும் உதவும்.

யாரிடம் பேசுவது

ஏஜென்டாகச் சேர்ந்தவுடன் தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்வார்கள். இங்கே ஒரே ஒரு பெயர் எழுதினால் போதும். தனக்கு ஒரு துக்கம் என்றால் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடியவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள். அப்படி யாருமே இல்லையென்றால் சுவிசேஷக் கைப்பிரதிக் கட்டை (அச்சடித்த துண்டுத் தாள்களை) எடுத்து வைத்துவிட்டு, முதலில் அக்கம்பக்கத்தில் பழகுங்கள். காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறவர்களோடு நடக்கலாம், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் துஷ்டிக்கும் போகலாம். ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும்.

எழுதக்கூடாத பெயர்களும் உண்டு. உங்கள் வகுப்பில் படிக்கிற பிள்ளை, உங்கள் கடையில் சம்பளம் வாங்குகிறவர், நீங்கள் ஊசி போடுகிற நோயாளி, உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர், உங்களிடம் கடன் வாங்கியவர். இவர்களால் உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவர் சொல்லும் "சரி"யை நம்பி என்ன செய்யப் போகிறீர்கள்? அவர்களாகவே கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், அவ்வளவுதான். தாய் தகப்பனுக்குத் தெரியாமல் சின்னப் பிள்ளைகளிடம் பேசுவதும் வேண்டாம்.

உங்கள் சாட்சியை எழுதிப் பாருங்கள்

சாட்சி என்றால் ஆண்டவர் நம் வாழ்க்கையில் செய்ததை நம் வாயால் சொல்வது. நம்மில் பலர் பிறவிக் கிறிஸ்தவர்கள். தொட்டிலிலேயே ஞானஸ்நானம், திடப்படுத்தல், பாடகர் குழு என்று வளர்ந்தவர்கள். கன்வென்ஷன் மேடையில் "நான் குடித்தேன், வெறித்தேன், ஆண்டவர் என்னைத் தொட்டார்" என்று ஒருவர் சொல்லும்போது, நமக்குச் சொல்ல ஒன்றுமில்லையே என்று தோன்றும். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவால் பார்வை பெற்றவனை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசேயர் என்ற யூத மதக் கட்சிக்காரர்கள் அவனைக் கேள்வி கேட்டுப் போட்டு வறுக்கிறார்கள். அவன் இயேசுவைப் பற்றிப் பெரிய உபதேசம் எதுவும் வைத்திருக்கவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். உங்களுக்குத் தெரிந்த அந்த ஒன்று எது? அதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது.

என்னுடையதைச் சொல்கிறேன். அப்பா இறந்தபோது கடன் நிறைய இருந்தது. ராத்திரி வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த 23-ஆம் சங்கீதத்தை, வேறு எதுவும் தெரியாததால், படுத்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். கடன் மளமளவென்று தீர்ந்துவிடவில்லை. வருஷக்கணக்காக வட்டி கட்டித்தான் தீர்ந்தது. ஆனால் பயம் கடனுக்கு முன்னாலேயே போய்விட்டது. என் சாட்சி இவ்வளவுதான். இதில் ஒரு அற்புதத்தைச் சேர்த்தால் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். நமக்கு நடந்ததைக் கூட்டிச் சொல்கிற வியாதி நம் கூட்டங்களில் அதிகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் வீட்டு வரவு செலவு தெரியும். மேடையில் செல்லுபடியாவது அவரிடம் செல்லாது.

எழுதியதை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். என் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, "கதை பூரா நீங்கதான் வாரீய, ஆண்டவர் எங்க?" என்றாள். திருத்தினேன்.

பேச்சை எங்கே தொடங்குவது

நீங்கள் தொடங்கவே வேண்டாம், அவர் தொடங்கட்டும். மகளுக்கு வரன் அமையவில்லை, பையன் நீட் எழுதிவிட்டு முடங்கிக் கிடக்கிறான், தம்பி பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான், இப்படி ஏதாவது ஒன்று நடையின்போது வந்துவிடும். கேளுங்கள், முழுக்கக் கேளுங்கள். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் வசனத்தைச் சொருகாதீர்கள். முடித்த பிறகு, "அண்ணாச்சி, இதுக்காக நான் ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்து இதற்குக் கோபப்பட்டவர் கிடையாது. "பண்ணுங்க, எந்தச் சாமியானா என்ன" என்பார்கள். அந்த இடத்தில் திருத்தப் போகாதீர்கள்.

அவர் சரி என்றால் அங்கேயே, நாலு வரியில், வீட்டில் பேசுகிற தமிழில் ஜெபியுங்கள். தலையில் கை வைப்பது, குரலை உயர்த்துவது, "ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்" என்று அடுக்குவது எல்லாம் வேண்டாம். பகலில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் கூச்சப்படுவார் என்று தோன்றினால், வீட்டில் போய் ஜெபித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், பத்து நாள் கழித்து, "அந்தப் பத்திர விஷயம் என்னாச்சு?" என்று கேட்பது. ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்து போகிறவர்கள் நம்மில் ஏராளம். ஒருவர் ஞாபகம் வைத்துக் கேட்டால்தான், எதற்காக இப்படி அக்கறையாய் இருக்கிறான் என்ற கேள்வி அவருக்குள் எழும். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல" ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதியது அந்த நேரத்துக்காக. அப்போது அந்த ஒரு பக்கச் சாட்சியைச் சொல்லுங்கள்.

அவருடைய சாமியைப் பழித்துப் பேசாதீர்கள், ஒரு சொல்கூட. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த ஹெச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனில் ஊறிய அவருடைய தமிழ் அப்படியே கிறிஸ்துவைப் பாட வந்தது. அந்தத் தமிழைக் குப்பை என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் பார்த்திருப்பாரா?

பேசியதற்குப் பிறகு

விருப்பப்பட்டால் மட்டும் லூக்கா சுவிசேஷத்தைக் கொடுங்கள். தனிச் சுவிசேஷமாகவே வேதாகமச் சங்கத்தில் கிடைக்கும். முழு வேதாகமத்தைத் தூக்கிக் கொடுத்தால் ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுவிடுவார். லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் காகிதம் வைத்துக் கொடுங்கள். எங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் கதையை விளக்கவே வேண்டாம். தகப்பன் உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகன் என்றால் பாளையங்கோட்டைக் கோர்ட்டு வாசலில் நிற்கிற எல்லாருக்கும் புரியும். என்னோடு நடக்கிற ஒரு அண்ணாச்சி படித்துவிட்டு வந்து கொதித்தார். "சொத்த அழிச்சவனுக்குக் கறிச்சோறு, வயல்ல கெடந்தவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டி இல்லையா? மூத்தவன் கேட்டதுல என்ன வே தப்பு?" நான் தப்பு இல்லை என்றேன். மூத்தவன் கடைசியில் விருந்துக்குள் போனானா இல்லையா என்று லூக்கா எழுதவில்லை, பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். வாரக்கணக்கில் அதையே பேசினோம். நான் தயாரித்து வைத்திருந்த எந்த விளக்கமும் அந்தக் கோபம் செய்த வேலையைச் செய்திருக்காது.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "ஒங்க சர்ச்லயே சாதி பாக்கீய, எலெக்‌ஷன்ல அடிச்சுக்கிடுதீய, எங்கள எதுக்குக் கூப்பிடுதீய?" மழுப்பாதீர்கள். ஆமாம், இருக்கிறது, அது இயேசுவுக்கு விரோதமானது என்று நேராகச் சொல்லுங்கள். இதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லையென்றால், முதலில் சபைக்குள் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு ரத்தானது. வேறு சில மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் உண்டு, அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். சட்டம் எப்படியிருந்தாலும் காசு, வேலை, பள்ளிக்கூட சீட்டு என்று எதையும் இதோடு முடிச்சுப் போடக்கூடாது. வெள்ளத்தில் வீடு நனைந்தவருக்குப் பாயும் அரிசியும் கொடுங்கள், அந்தப் பையில் கைப்பிரதி வைக்காதீர்கள்.

அவர் "போதும் அண்ணாச்சி, இந்தப் பேச்சு வேண்டாம்" என்றால் அன்றோடு நிறுத்துங்கள். நடையை நிறுத்தாதீர்கள்.

ஞானஸ்நானம் பெற விரும்புகிறேன் என்று சொன்னால் உடனே போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். வீட்டில் சொல்லியாயிற்றா, மனைவி என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். கேட்கிறவர் ஒரு பெண் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவரே யோசித்து முடிவெடுக்கட்டும். சபை ஐயரிடம் (போதகரிடம்) அழைத்துப் போங்கள், ஆயத்த வகுப்புக்கு மாதக்கணக்கில் ஆகட்டும். பாலிசியில் கையெழுத்து வாங்குமுன் நிபந்தனைகளை வாசித்துக் காட்டுவது ஏஜென்டின் கடமை. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானதும் அந்தச் சான்றிதழ் செல்லாது, தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார், பிள்ளைகளின் படிப்புக்கும் வேலைக்கும் அது உறைக்கும். இது அநியாயம் என்பது என் கருத்து. ஆனாலும் இதை வேறு யாரோ சொல்லி அவர் பிறகு தெரிந்துகொள்ளக்கூடாது. ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே, உங்கள் வாயால், அவர் மனைவியும் கூட இருக்கும்போது சொல்லுங்கள்.