எதிரெதிர் குணம், ஒரே வகுப்பு: கல்லூரிக் காதல் தொடர்கள் சறுக்கும் இடங்கள்

ஒருத்தி எந்த வேலையையும் ஒரு வாரம் முன்பே முடித்துவைப்பவள். இன்னொருவன் கடைசி நாள் ராத்திரிதான் உட்காருவான். பேராசிரியர் இரண்டு பேரையும் ஒரே ப்ராஜெக்டில் போட்டுவிடுகிறார். இந்த ஆரம்பத்தை எத்தனை தொடரில் பார்த்தாலும் எனக்கு அலுக்கவே அலுக்காது. ஆனால் ஆசை ஆசையாக உட்கார்ந்துவிட்டு, பத்தாவது எபிசோடில் ‘கையில் இருந்ததைக் கோட்டைவிட்டுட்டாங்களே’ என்று மனசு கனக்க எழுந்ததும் பலமுறை நடந்திருக்கிறது. நடிகர்கள் நன்றாகவே செய்திருப்பார்கள், பாட்டும் நன்றாக இருக்கும். சறுக்கல் எழுத்தில்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் அதே நாலைந்து இடங்களில். இப்படி ஒரு தொடர் எழுத நினைப்பவர்களுக்கு அந்த இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

முதல் தவறு, குணத்தை எழுதாமல் அதன் அடையாளத்தை மட்டும் எழுதுவது. அவளுக்கு ஒரு கண்ணாடி, கையில் புத்தகம், யாரோடும் பேச மாட்டாள். அவனுக்கு ஒரு கிட்டார், நாலு நண்பர்கள், எப்போதும் சிரிப்பு. இதை வைத்துக்கொண்டு முதல் எபிசோடை ஓட்டிவிடலாம். அப்புறம் என்ன செய்வது? இருவரும் வராந்தாவில் மோதிக்கொள்வார்கள், காபி கொட்டும், சண்டை வரும். காபி கொட்டினால் யாருக்கும்தான் கோபம் வரும். அதற்கு எதிரெதிர் குணம் தேவையில்லை.

குணம் தெரிவது ஒருவர் எடுக்கும் முடிவில். அதே ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணிக்குப் ப்ரசன்டேஷன். மூன்று நாள் முன்பே அவள் எல்லா ஸ்லைடையும் முடித்து, வாய்விட்டுப் பேசிப் பார்த்து, நேரத்தையும் அளந்துவைத்திருக்கிறாள். ராத்திரி பதினொன்றரைக்கு அவனுக்கு ஒரு நல்ல யோசனை தோன்றுகிறது. உண்மையிலேயே நல்ல யோசனைதான். உட்கார்ந்து ஏழாவது ஸ்லைடை மாற்றிவிடுகிறான். அவளிடம் சொல்லவில்லை, தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறான். மறுநாள் எல்லோர் முன்னாலும் ஏழாவது ஸ்லைடு வருகிறது. தான் எழுதாத ஒன்றைப் பார்த்து அவள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவன் அதைப் பரிசாக நினைத்துச் செய்தான். அவளுக்கு அது முதுகில் குத்தியதுபோல. யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் இருக்கிறது. இந்தச் சண்டையை வேறு எந்த ஜோடியும் போட முடியாது. இப்படி ஒரு காட்சி கிடைத்துவிட்டால் அடுத்த மூன்று எபிசோடும் அதிலிருந்தே கிளைத்து வரும்.

அடுத்தது, ‘எதிர் துருவங்கள் ஈர்க்கும்’ என்பதை ஒரு விதியாகவே நம்பிவிடுவது. காந்தத்துக்கு அது சரி. மனிதர்களைப் பற்றி இதே கருத்தை 1950-களில் ராபர்ட் வின்ச் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் முன்வைத்தார். ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் நிரப்புவதால் ஜோடி சேர்கிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் வேறு திசையைத்தான் காட்டின. டான் பைர்ன் என்ற உளவியலாளர் 1960-கள் முதல் செய்த சோதனைகளில், தன்னைப்போலவே கருத்து உள்ளவர்களைத்தான் மக்களுக்கு அதிகம் பிடித்தது. அதனால் எதிரும் புதிருமான காதலை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. வேற்றுமை பார்ப்பவரை உட்காரவைக்கும், ஆனால் இருவரையும் சேர்த்துவைக்க அடியில் ஏதாவது ஓர் ஒற்றுமை ஓட வேண்டும். மேலே சொன்ன ப்ராஜெக்டில் அது என்ன? செய்கிற வேலை நன்றாக வர வேண்டும் என்ற வெறி இருவருக்குமே உண்டு. அவள் அதற்காக ஒரு வாரம் முன்பே உட்காருகிறாள், அவன் அதற்காகவே நடுராத்திரியில் மாற்றுகிறான். அவன் ஏன் தூங்காமல் உட்கார்ந்தான் என்பது அவளுக்குப் புரிகிற நிமிடத்தில்தான் காதல் தொடங்க முடியும். இந்த ஒற்றுமையை யோசிக்காமலே எழுதப்படும் தொடர்களில், ‘இவளுக்கு இவனை ஏன் பிடித்தது?’ என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வராது. அந்த ஓட்டையைப் பின்னணி இசை வந்து நிரப்பும்.

கல்லூரியை வெறும் பின்னணிப் படமாக்குவது இன்னொரு சறுக்கல். மரத்தடி, நூலகம், ஆண்டுவிழா எல்லாம் இருக்கும், படிப்பு மட்டும் இருக்காது. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது, ஏனென்றால் மனிதர்கள் நெருங்குவதற்குக் கல்லூரியைப்போல வசதியான இடம் வேறு இல்லை. ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், திருமணமான மாணவர்களின் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று விசாரித்து 1950-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களே அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டி வசித்தவர்களுக்கு மேல்மாடியிலும் நட்பு கிடைத்திருந்தது. மேலே போகிறவர்கள் தினமும் அவர்கள் வாசலைக் கடந்துதானே போக வேண்டும்! 

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். 16 எபிசோடு ஓடும் தொடரின் மொத்த நீளமே 16 மணி நேரம் சொச்சம்தான். அத்தனையையும் காட்ட முடியாது, சரி. ஆனால் அந்த மணி நேரங்கள் கழிந்தன என்று பார்ப்பவர் உணர வேண்டும். அவள் எப்போதும் உட்காரும் வரிசையில் ஒருநாள் அவனுக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் நூலகம் மூடும்வரை இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படிக்கிறார்கள். தடுக்கி விழுபவளை அவன் ஸ்லோ மோஷனில் தாங்கிப் பிடிப்பதைவிட இந்த நாற்காலி அதிகம் பேசும்.

திமிரைக் குணமாக எழுதுவதைப் பற்றி ஒரே பத்தி போதும். வகுப்பு முழுக்கப் பார்க்க அவளை மட்டம் தட்டுபவனைப் ‘பேசத் தெரியாதவன்’ என்றும், அவள் போனை அனுமதியில்லாமல் எடுத்துப் பார்ப்பவனை ‘அக்கறையுள்ளவன்’ என்றும் காட்டும் தொடர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கூச்சம் வேறு, கொடுமை வேறு. பதினெட்டு வயதில் இதைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

காதல் வந்ததும் ஒருவரை மட்டும் மாற்றிவிடுவது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பெரும்பாலும் மாறுவது அவள்தான். கண்ணாடி போகும், முடி அவிழும், திட்டமிடுவதை விட்டுவிட்டு ‘வாழக் கற்றுக்கொள்வாள்’. அவன் அப்படியே இருப்பான். அல்லது இருவருமே ஒரே மாதிரி மிருதுவாகிவிடுவார்கள், எதிரெதிர் குணம் என்று தொடங்கிய கதையில் குணமே மிஞ்சாது. மாற்றம் வேண்டும்தான், ஆனால் அது அவரவர் குணத்துக்குள்ளேயே நடக்கட்டும். அடுத்த செமஸ்டரிலும் அவள் ஒரு வாரம் முன்பே ஸ்லைடுகளை முடித்துவிடுகிறாள், ஆனால் ஒன்றை மட்டும் அவனுக்கென்று வெற்றாக விட்டு அனுப்புகிறாள். அவன் அதை நடுராத்திரியில்தான் நிரப்புகிறான், ஆனால் நிரப்பியதும் அவளுக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுகிறான். இரண்டு பேரும் பழைய ஆட்கள்தான். ஆளுக்கு ஓர் அடி நகர்ந்திருக்கிறார்கள்.

‘எ டிஃபரன்ட் வேர்ல்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் (1987–1993) இதைச் சரியாகச் செய்தது. கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஹில்மன் என்ற கற்பனைக் கல்லூரியில் பணக்கார வீட்டுப் பகட்டுக்காரி விட்லி, கணக்கில் கெட்டிக்காரனான டுவைன். இரண்டாவது சீசனில் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்ற டெபி ஆலன், ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். எழுத்தாளர்களைக் கறுப்பின மக்களின் கல்லூரிகளுக்கே கூட்டிப்போய் மாணவர்களோடு பேசவைத்தார். ஜோடி சேர ஆண்டுக்கணக்கில் ஆனது, 1992-இல்தான் கல்யாணம். அதற்குப் பிறகும் விட்லி விட்லியாகவே இருந்தாள். அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக, காதலைச் சொன்ன பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிப்பது. இங்கேதான் பாதித் தொடர்கள் விழுகின்றன. கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டு ஓடுவது, திடீர் விபத்து, பழைய காதலி திரும்பி வருவது எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டும் பிரச்சினைகள். 

தென் கொரியாவின் டிவிஎன் சேனலில் 2016-இல் வந்த ‘சீஸ் இன் தி ட்ராப்’ தொடரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆதங்கம்தான். சூன்கி எழுதிய வெப்டூனிலிருந்து (இணையத்தில் வரும் படக்கதை) எடுத்த 16 எபிசோடு. எதையும் உன்னிப்பாகக் கவனித்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஹோங் சோல், எல்லோரிடமும் சிரித்துப் பேசினாலும் உள்ளே என்ன நினைக்கிறான் என்று பிடிபடாத சீனியர் யூ ஜங். முதல் பாதியில் நம்மைக் கட்டிப்போட்டது ‘இவன் நல்லவனா?’ என்ற ஒரே கேள்வி. பின்பாதியில் நாயகனின் காட்சிகள் குறைந்து, பியானோ வாசிக்கும் இன்னொருவனின் கதை பெருத்துவிட்டது. பார்வையாளர்கள் கொதித்தார்கள், நாயகனாக நடித்த பார்க் ஹே ஜின் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே சொன்னார், மூலக்கதை எழுதியவரும் தயாரிப்புக் குழு தன்னோடு சரியாகத் தொடர்பில் இல்லை என்று எழுதினார். இரண்டாவது நாயகனைக் கொண்டுவந்தது தப்பில்லை. கேள்விக்குப் பதில் வரும் முன்பே கேள்விக்குரியவன் திரையிலிருந்து போய்விட்டான் என்பதுதான் குறை.

காதலைச் சொன்ன பிறகும் எதிரெதிர் குணம் கேள்விகளைப் போட்டுக்கொண்டே இருக்கும், எழுதுபவர் காது கொடுத்தால் போதும். அவள் அடுத்த ஐந்து வருடத்தையும் எழுதிவைத்திருப்பாள், அவனுக்கு அடுத்த மாதமே தெரியாது. அவளுக்கு வேறு ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைக்கிறது. ‘நீயும் வருவியா?’ என்று கேட்கிறாள். ‘பார்க்கலாம்’ என்கிறான். அவனைப் பொறுத்தவரை அது சம்மதம். அவள் காதில் அது மறுப்பு. இந்த ஒரு சொல்லை வைத்துக் கடைசி இரண்டு எபிசோடையும் எழுதலாம். ஆனால் பல தொடர்கள் இங்கே வந்ததும் திரையைக் கறுப்பாக்கி, ‘மூன்று வருடங்களுக்குப் பிறகு’ என்று போட்டுவிடுகின்றன.