முழங்கால் மாற்று அறுவைக்குப் பின்: மடக்குவதற்கு முன் நீட்டப் பழகுங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு ஏற 22 படிகள் இருக்கின்றன. வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டு கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய நான், தையல் பிரிக்கப் போய்வந்த ஒரு நாளைத் தவிர, ஏறத்தாழ ஏழு வாரங்கள் அந்தப் படிகளில் கால் வைக்கவில்லை. வலியை மாத்திரை ஓரளவு அடக்கியிருந்தது. ஆனால் கால் நேராக நீளவில்லை. நீளாத காலை ஊன்றினால் தொடை நடுங்கியது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இந்தத் தவறு எங்கே நேர்ந்தது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தையலோ கிளிப்போ பிரித்து, புண் ஆறி, முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. வாக்கரை எப்படிப் பிடிப்பது, கணுக்காலை எப்படி அசைப்பது என்பவற்றை மருத்துவமனையிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. வெட்டுக்காயத்திலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், சிவப்பு பரவினாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டியிருக்கக்கூடும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது

வெளியே தெரியும் தழும்பு ஒன்று. உள்ளே தெரியாத தழும்பு வேறொன்று. முட்டிச் சில்லுக்கு மேலே, தொடைத் தசைக்கு அடியில், திரைச்சீலையின் மடிப்பைப் போன்ற ஒரு பை இருக்கிறது. கால் மடங்கும்போது அந்த மடிப்பு விரிந்து வழுக்கிக்கொடுக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு உள்ளே தேங்கும் இரத்தமும் வீக்கமும் அசைவின்மையும் சேர்ந்தால், மடிப்பின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முதல் சில வாரங்களில் அந்த ஒட்டுத் திசு இளகிய நிலையில் இருப்பதால் அசைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். மாதங்கள் செல்லச் செல்ல அது தடித்துக் கெட்டிப்படும். எண்ணெய் போட்டுத் தேய்ப்பதால் தோலும் அதற்கு அடுத்த அடுக்கும் இளகுமே தவிர, மூட்டுக்குள் இருக்கும் ஒட்டு விடுபடாது. அதை விடுவிப்பது திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுதான். இது தெரியாமல் முதல் மாதம் முழுவதும் தைலப் புட்டியை நம்பியிருந்தேன்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

நான் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அளக்காமல் தொடங்காதீர்கள். கடினமான கட்டிலிலோ தரையில் விரித்த பாயிலோ காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கு அடியில் எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். எனக்கு நான்கு விரல்களும் தாராளமாக நுழைந்தன. பிறகு வீட்டில் ஒருவரைப் பக்கவாட்டில் தரைமட்டத்தில் கைப்பேசியை வைத்துப் படம் எடுக்கச் சொல்லி, இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்து, பேரனின் பாகைமானியை அதன்மேல் வைத்து அளந்தேன். நேர்கோட்டுக்கு 14 டிகிரி குறைவாக இருந்தது. கைப்பேசியையே காலில் வைத்து அளக்கும் செயலிகளும் உள்ளன. கால் எலும்பின் மேல் கைப்பேசி வழுக்கிக்கொண்டே இருப்பதால் எனக்கு அவை ஒத்துவரவில்லை. படம் எடுத்தால் போன வாரத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

மடங்கும் அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 70 டிகிரி மடங்கினால் போதும். படி ஏறி இறங்க 90க்கு அருகில் வர வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 100ஐத் தாண்ட வேண்டியிருக்கும்.

வீக்கத்தைக் குறைத்தல்

வீங்கிய முழங்கால் மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. ஆகவே பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் துணி சுற்றிய ஐஸ் பையை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். டிசம்பர் மாதத்தில், புல்வெளியெல்லாம் உறைபனி வெளுத்திருக்கும் காலையில், ஐஸ் வைத்துக்கொள்ளச் சொன்னால் இங்கே யாரும் சிரிப்பார்கள். என் அண்ணியும் சிரித்தார். உடம்பு முழுவதையும் கம்பளியால் போர்த்திக்கொண்டு முழங்காலை மட்டும் வெளியே விட்டால் குளிர் தாங்கும்படி இருக்கும். கடையில் விற்கும் ஜெல் பையை விட, உரித்த ஊட்டிப் பட்டாணியைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உறைய வைத்ததே முழங்காலின் வளைவில் நன்றாகப் படிந்தது. அந்தப் பட்டாணியைக் குருமாவில் போடாமலிருக்க உறையின் மேல் எழுதி வையுங்கள்.

வெந்நீர்ப் பையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நடுவில் கீறும்போது தோலுக்குச் செல்லும் நுண்ணிய நரம்புக் கிளைகள் அறுபடுவதால் தழும்பின் வெளிப்பக்கத்தில் பலருக்கு உணர்ச்சி மரத்திருக்கும். சூடு அங்கே உறைக்காது, தோல் வெந்துபோகும். புண் முழுவதும் ஆறி, வீக்கம் வடிந்த பிறகு, தொடையின் மேல்பகுதியில் மட்டும் மிதமான ஒத்தடம் கொடுத்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினால் காலை நேர விறைப்பு சற்றுக் குறைகிறது.

நான் இடறிய இடம்: காலை நீட்டுதல்

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ‘எவ்வளவு மடங்குகிறது?’ என்றுதான் கேட்டார்கள். நானும் மடக்குவதிலேயே குறியாக இருந்து நான்காவது வாரத்தில் 95 டிகிரி வந்துவிட்டதென்று மகிழ்ந்திருந்தேன். மீதி நேரமெல்லாம் கணப்புக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்துச் சுகமாக இருந்தேன். இரவிலும் அதே தலையணைதான். அரை மடக்கில் வைத்திருக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் குறைவதால் வலி குறைந்ததைப் போலிருக்கும். அந்தச் சுகத்தில் நாள்முழுதும் கிடந்தால், பின்பக்கத் தசைநாண்களும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அந்த அரை மடக்கிலேயே சுருங்கி நின்றுவிடுகின்றன.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர் நான் மடக்கிக் காட்டியதைப் பார்க்கவே இல்லை. “டீச்சர், முதலில் தலையணையை எடுங்கள்” என்றார். எடுத்ததும் கால் வில் போல வளைந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன்.

நீட்டும் பயிற்சி எளியது. கட்டிலில் காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய கம்பளியைக் குதிகாலுக்கு மட்டும் அடியில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. அது அந்தரத்தில் தொங்க வேண்டும். முதலில் 3 நிமிடம் தாங்குவதே பெரிது. பிறகு 5, பிறகு 10 என்று கூட்டி, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை செய்யுங்கள். தொங்கவிட்டிருக்கும்போதே தொடையின் முன்தசையை இறுக்கி, முழங்காலின் பின்பக்கத்தால் கட்டிலை அழுத்த முயல்வதைப் போல 5 விநாடி பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை.

இதையும் நான் முதல் வாரம் தவறாகச் செய்தேன். வலி கூடும்போது கால் தானாகவே வெளிப்பக்கம் புரண்டு, பாதம் சுவரைப் பார்க்கத் தொடங்கும். அப்படிப் புரண்டால் முழங்கால் மெல்ல மடங்கிக்கொள்ளும், வலியும் குறையும், நீட்டுகிறோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். கட்டைவிரல் கூரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். நான் பாதத்தின் வெளிப்பக்கத்தில் ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி முட்டுக் கொடுத்து வைத்தேன். அந்தச் செங்கல் வந்த பிறகுதான் அளவு மாறத் தொடங்கியது. ஆறாவது வாரம் 9, எட்டாவது வாரம் 5, பத்தாவது வாரம் 2 டிகிரி என்று குறைந்தது. இயன்முறை மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகு, சில்லுக்குச் சற்று மேலே தொடையின் மேல் அரைக்கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றை வைத்தேன். சில்லின் மேலேயே எடையை வைக்காதீர்கள்.

மடக்குதல்

காலுறை அணிந்து, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு, சுவரில் சாய்ந்தமர்ந்து குதிகாலைத் தரையோடு உங்களை நோக்கி இழுங்கள். தானாக வரும் எல்லையைத் தொட்டபின், பாதத்தைச் சுற்றிப் போட்ட பழைய வேட்டியால் இன்னும் சிறிது இழுத்து 20 முதல் 30 விநாடி பிடியுங்கள். நாற்காலியிலும் செய்யலாம். பாதத்தைத் தரையில் பதித்துவிட்டு, இடுப்பை மட்டும் முன்னால் நகர்த்தினால் முழங்கால் தானே மடங்கும். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. எவ்வளவு நகர்வது என்பது நம் கையிலேயே இருக்கிறது.

வலிக்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வலி தணிந்தால் அளவு சரி, மறுநாள் காலையில் முழங்கால் முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால் செய்தது அதிகம், பாதியாகக் குறைக்க வேண்டும். பரிந்து உதவ வரும் உறவினர் யாரையும் காலைப் பிடித்து அமுக்க விடாதீர்கள். அது வீக்கத்தையும் இரத்தக்கசிவையும் கூட்டி, மேலும் தழும்பைத்தான் வளர்க்கும். காலைத் தானே மடக்கி நீட்டும் மோட்டார் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல நிலைச் சைக்கிள் ஒன்றைப் பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. இருக்கையை உயர்த்தி வைத்து, முழுச் சுற்று வரும்வரை முன்னும் பின்னுமாகத் தொட்டில் போல ஆட்டினாலே போதும்.

சில்லும் தழும்பும்

காலை நீட்டித் தளர்வாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முட்டிச் சில்லைப் பிடித்து மேலும் கீழுமாக, பிறகு பக்கவாட்டில், மெதுவாக நகர்த்துங்கள். தொடை இறுகியிருந்தால் சில்லு அசையாது, வலுக்கட்டாயம் வேண்டாம்.

தழும்பைத் தேய்ப்பதற்குப் பக்குகள் எல்லாம் உதிர்ந்து, எங்கும் திறப்பில்லாமல் மூடியிருக்க வேண்டும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டி மருத்துவர் ஒப்புவார். விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, தழும்பின் மேலே சிறுசிறு வட்டங்களாகவும், அதன் நெடுக்கிலும், குறுக்கிலும் தோலை நகர்த்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கினால் பயனில்லை. தோல் அடியிலுள்ள அடுக்கின் மேல் நகர வேண்டும். நாளுக்கு இருமுறை, 5 நிமிடம் போதும். எண்ணெய் என்றால் சாதாரணத் தேங்காய் எண்ணெய், அதுவும் சில சொட்டுகள். நம் மலையில் நீலகிரித் தைலம் இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் இளம் தழும்பில் அதைப் போடாதீர்கள். எனக்குத் தோல் சிவந்து அரித்து நான்கு நாட்கள் வீணாயின. தழும்பு தடித்து மேலெழுந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிகான் பட்டையை நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டி வைக்கலாம். இங்கே வெயில் குளிர்ந்திருந்தாலும் தோலைக் கருக்கும். தேயிலைக் காட்டுப் பாதையில் நடக்கும்போது தழும்பை மூடியிருங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பரிசோதனைக்குப் போய்வருவதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பின்னால் தள்ளி அமர்ந்து, வழியில் ஒருமுறையேனும் இறங்கி நடங்கள். இடையில் நிறுத்தி இறங்க முடியாத பேருந்தில் முதல் ஆறு வாரங்கள் போகாமலிருப்பது நல்லது.

ஏற்றத்தில் நல்ல காலும், இறக்கத்தில் அறுவை செய்த காலும் முதலில் செல்ல வேண்டும் என்பதை எழுத மறந்திருந்தேன். சரிவான பாதையில் இறங்குவதே ஏறுவதைவிடக் கடினம் என்பதால், இறக்கத்துக்குக் கைத்தடியை இன்னும் சில வாரங்கள் கூடுதலாக வைத்திருங்கள்.

உள்ளே ‘டக் டக்’ என்று ஒலி கேட்பதாக இருவர் எழுதியிருந்தார்கள். பொருத்திய மூட்டின் உலோகமும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) தகடும் தொட்டுக்கொள்ளும் ஒலி அது. வலி இல்லாதவரை கவலை வேண்டாம். முழங்கால் மற்றதைவிடச் சூடாக இருப்பதும் சில மாதங்கள் நீடிக்கும்.

எட்டு வாரமாகியும் 80 டிகிரியைத் தாண்டவில்லை, பயிற்சியை இன்னும் கூட்டலாமா என்று கூடலூரிலிருந்து ஒரு தம்பி தன் அம்மாவுக்காகக் கேட்டிருந்தார். கூட்ட வேண்டாம், இந்த வாரமே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து, மருத்துவரே காலை மடக்கி ஒட்டுகளை விடுவிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும்; தழும்பு கெட்டிப்பட்ட பிறகு அந்த வாய்ப்பு குறுகிவிடும். தொற்று, பொருத்திய பாகத்தின் அளவு அல்லது நிலை போன்ற வேறு காரணங்களாலும் இறுக்கம் வரலாம் என்பதால், எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்காமல் வீட்டில் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. போகும்போது தேதி போட்ட அந்தப் பக்கவாட்டுப் படங்களையும் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.