நர்சிங் சோதனைக்கு மருந்துப் பாடம் படிக்கிற தங்கச்சி தம்பிமாருக்கு

முதல்ல ஒண்டு சொல்றன், மருந்துப் பேரெல்லாத்தையும் தனித்தனியா பாடமாக்க வெளிக்கிடாதீங்க, பேரிண்ட வாலைப் பாருங்க. 'ஓலோல்' எண்டு முடிஞ்சா பீட்டா புளொக்கர், நாடித்துடிப்பையும் பிரஷரையும் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு கவனம். 'பிரில்' எண்டா ACE இன்ஹிபிட்டர், அதுவும் பிரஷர் குறைக்கிற மருந்துதான், வரட்டு இருமல் வரும், பொட்டாசியம் கூடும். வெள்ளவத்தையில இருந்து 100ம் நம்பர் பஸ்ல வோர்டுக்குப் போற நேரத்திலயே நான் இப்பிடி நாலு வால் படிச்சிடுவன்.

இதய மருந்து டிஜொக்சின்ல கொஞ்சம் நிண்டு படியுங்க, அதில கேள்வி வாறது கூட. குடுக்க முதல் நெஞ்சில ஸ்டெத் வச்சு முழுசா 1 நிமிஷம் எண்ணோணும், பெரியாக்களுக்கு 60க்குக் குறைஞ்சா குடுக்காம டொக்டருக்குச் சொல்லோணும். அதோட மூத்திரம் கூடப் போக வைக்கிற ஃபுரோசமைட்டும் போகுதெண்டா அது பொட்டாசியத்த மூத்திரத்தோட வெளியேத்தும், இரத்தத்தில பொட்டாசியம் 3.5 mmol/Lக்குக் கீழ இறங்கினா டிஜொக்சின் நஞ்சாகிற ஆபத்து கூடும், பசியில்லாமப் போகும், சத்தி வாற மாதிரி இருக்கும், பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியும். ஏன் எண்டு விளங்கினா ஒருநாளும் மறக்காது.

மாத்து மருந்து, அதாவது ஒரு மருந்து கூடிப்போனா அதை முறிக்கிற மருந்து, சோடி சோடியா: ஹெபரினுக்கு புரோட்டமின், வார்ஃபரினுக்கு விட்டமின் கே, மோர்ஃபினுக்கு நலொக்சோன், மக்னீசியம் சல்பேட்டுக்கு கல்சியம் குளுக்கோனேட்.

கணக்குக்குப் பயப்பிடாதீங்க. வேண்டிய அளவை கையில இருக்கிற அளவால பிரிச்சு மில்லிலீற்றரால பெருக்குங்க. 40 மில்லிகிராம் குடுக்கோணும், அம்பூல்ல 2 மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் எண்டா, 4 மில்லிலீற்றர். விடை வந்தாப் பிறகு இன்னொருக்கா செய்து பாருங்க, புள்ளி ஒண்டு இடம் மாறினா டோஸ் 10 மடங்கு, அது ஒரு ஆளிண்ட உயிர்.