தீவின் வயது செடியின் வயது இல்லை

தீவுச் செடிகளின் பரிணாமத்தை டி.என்.ஏ.வில் தேடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது வயதுக் கணக்கில்தான். ஹவாயின் பெரிய தீவுகளில் மூத்தது கவாய். வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். அப்படியானால் அங்குள்ள எந்தச் செடி வம்சமும் அதற்குப் பிறகு வந்ததாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஹவாயின் லோபீலியா என்ற பூச்செடிகளின் மூதாதை சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்கின்றன டி.என்.ஏ. ஆய்வுகள். அது வந்து இறங்கிய தீவு இன்று தேய்ந்து, கடலோடு கடலாகக் கிடக்கிறது. தீவு அமிழ்வதற்குள் வம்சம் அடுத்த தீவுக்குத் தாவிவிட்டது. செடி வம்சத்தின் வயதுக்குக் கவாயின் வயதை மேல் எல்லையாகப் பூட்டிவிட்டுக் கணினியை ஓட்டினால், அது மறுபேச்சு பேசாமல் ஒரு தேதியைத் தரும். தப்பான தேதி!

அடுத்த சறுக்கல், பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை தரும் செல் உறுப்பு) டி.என்.ஏ.வை மட்டும் நம்புவது. பிரித்தெடுக்க எளிது என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் ஆசை. ஆனால் பூக்கும் செடிகளில் அது பெரும்பாலும் தாய் வழியாக மட்டுமே வரும். ஹவாயின் வெள்ளிவாள் செடியையும் அதன் உறவுகளையும் பாருங்கள்: மரம், புதர், கொடி, தரையோடு படர்வது என 30க்கும் மேற்பட்ட இனங்கள். இவற்றின் மூதாதை, கலிபோர்னியாவின் டார்வீட் செடிகளில் இரு வேறு வம்சங்கள் கலந்து பிறந்தது. பசுங்கணிகத்தை மட்டும் பார்த்தால் அப்பா வீட்டுக் கதையே தெரியாது. சரி, உட்கரு மரபணுவுக்குப் போனாலும் ஒரு வம்பு உண்டு: இரு வம்சத்துப் பிரதிகளும் ஒரே செடியில் இருக்கும். ஒரு செடியில் ஒரு பிரதியையும் இன்னொரு செடியில் மற்றதையும் எடுத்து ஒப்பிட்டால், நெருங்கிய சொந்தங்கள்கூடத் தூரத்து உறவாகிவிடும்.

கண்டத்திலிருந்து தீவுக்குத்தான் செடி போகும் என்று முடிவுகட்டிவிட்டு, கண்டத்து உறவு ஒன்றை மட்டும் மாதிரிக்கு எடுப்பதும் தவறு. ஆப்பிரிக்கக் கரையோரக் கனரித் தீவுகளின் டோல்பிஸ் என்ற செடி வம்சத்தில், தீவிலிருந்து கண்டத்துக்குத் திரும்பிய கிளை இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள்.

அப்புறம் களத்து வேலை. ஈர இலையை அப்படியே பையில் போட்டு மூடினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். துண்டுகளாக்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் நிறையப் புதைக்க வேண்டும். காய்ந்த இலையை மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். அதே செடியின் கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, அதே எண்ணோடு உலர்தாவரத் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். தீவு இனங்கள் ஒன்றோடொன்று கலப்பவை. “இது கலப்பினம்தானே?” என்று பின்னாளில் யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அந்தக் கிளைதான் இருக்கும்.