பபிள் டீ ஸ்ட்ராவில் ஏரிச் சேறு எடுப்பது எப்படி?

ஏரிச் சேற்றைப் பார்த்து அந்தக் காலத்து மழையைச் சொல்லலாம் என்றேன். அண்ணன் மகன் நம்பவில்லை. சரி, வீட்டிலேயே செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். (நீர்த்தேக்கக் கரையில் போய்த் தோண்டிவிடாதீர்கள், அதற்கு அனுமதி வேண்டும்.)

வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில், களிமண், மீன்தொட்டி மணல், பூந்தொட்டி மண், சாம்பிராணிக்கு வாங்கிய கரி, பெரிய ஸ்ட்ரா. காகித ஸ்ட்ரா ஊறிப்போகும், பிளாஸ்டிக்தான் சரி.

முதலில் பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, கரைத்த களிமண்ணை ஊற்றுங்கள். இது காடு அடர்ந்திருந்த காலம். மண்ணை வேர் பிடித்துக்கொள்வதால் நுண்துகள்தான் ஏரிக்கு வரும். ஒரு நாள் தெளியவிடுங்கள்.

அடுத்து கரிப்பொடி. காய்ந்த பொடி மிதந்துகொண்டே நிற்கும், அதனால் முதல் நாளே கொதிக்கவைத்து ஊறவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கே சிங்கப்பூரில் கேம்பியர் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி) தோட்டம் போடக் காட்டை அழித்தார்கள், அதன் இலையைக் காய்ச்சவும் விறகு வெட்டினார்கள். நம் கரிப்படலம் அந்தக் காலம்.

மரம் போனால் மழை மணலையே அடித்துக்கொண்டு வரும். மணலைக் கரண்டியால் மெல்லத் தூவுங்கள், கொட்டினால் கீழே புதைந்துவிடும். கடைசியாகத் தொட்டி மண்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீரை வடியுங்கள். ஸ்ட்ராவின் மேல்நுனியில் மார்க்கரால் கோடு போட்டு, செங்குத்தாக அடிவரை இறக்கி, கட்டைவிரலால் மேலே அடைத்துத் தூக்குங்கள். நான் முதல் தடவை விரல் வைக்க மறந்தேன், சேறு முழுக்கச் சமையலறைத் தரையில். அடியில் களிமண் இருந்தால் தக்கைபோல நிற்கும்.

கத்தரியால் ஸ்ட்ராவை நீளவாக்கில் வெட்டி, கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் இருப்பதுதான் பழையது.

ஆய்வாளர்கள் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் மகரந்தத்தையும் டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகளையும் எண்ணுவார்கள். வயதைக் கணிக்க, ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை அளப்பார்கள். ஏறத்தாழ 22 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும், 100 முதல் 150 ஆண்டு வரை கணக்குப் போடலாம். 1868இல் கட்டி முடித்த மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் போக இங்கே கடல் களிமண் இருக்கிறது. காலாங் பக்கம் ஆழத் துளைத்தால் இரண்டு மெத்தென்ற களிமண் அடுக்குகளுக்கு நடுவே ஓர் இறுகிய அடுக்கு வரும். பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது வெயிலில் காய்ந்த தரை அது.