சோலார் ஹீட்டரைக் கெடுப்பது வெயில் அல்ல, தண்ணீர்

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டரை மாட்டிய பிறகு பலரும் அதன் பக்கமே போவதில்லை. சில வருடம் நன்றாக ஓடும். அப்புறம் ஒரு கார்த்திகையில் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். "மேகமூட்டம்" என்று சொல்லிவிட்டு டேங்கில் இருக்கும் கரண்ட் காயிலைப் போட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படித்தான் போனது. பிறகு வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடி டியூபைக் கழற்றிப் பார்த்தால், அடியில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புப் பொருக்கு.

எல்லாம் போர் தண்ணீரின் வேலை. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடு ஏற ஏறப் படியும். 60 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகமாக. டியூபில் சூடான நீர் மேலே டேங்குக்கு ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். மோட்டார் இல்லாமல் நடக்கும் இந்தச் சுற்று, பொருக்கு அடைத்தால் மந்தமாகிவிடும். கோவையில் சிறுவாணித் தண்ணீரில் இணைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. போர் தண்ணீர்தான் வழி என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது டேங்கின் அடி வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்றுங்கள்.

பொருக்கு எடுக்க பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றுவது பெரிய தவறு. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கைப் புள்ளி புள்ளியாக அரித்து ஓட்டை போட்டுவிடும். எலுமிச்சை உப்பைக் கரைத்து டியூபில் ஊறவைத்துக் கழுவினால் போதும். ஆனால் கழற்றும் வேலையை ஆள் வைத்தே செய்யுங்கள். உள்ளே இருப்பது கொதிநீர்.

அடுத்தது, மதியத்தில் செய்யும் அவசரம். மேல் தொட்டி காலியாகி டியூப் காய்ந்திருக்கும். 12 மணிக்கு மோட்டாரைப் போட்டு நிரப்புவோம். வெறும் டியூபின் உட்புறச் சூடு 200 டிகிரியையும் தாண்டும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும். நிரப்புவதும் தூசி கழுவுவதும் விடியற்காலையில்தான்.

டியூபின் அடி முனையில் பளபளவென்று வெள்ளி நிறம் தெரியும். அது பேரியம் பூச்சு. அந்த இடம் பால் போல வெளுத்திருந்தால், டியூபின் இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கும் நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த டியூபை மட்டும் மாற்றினால் போதும். மொத்த செட்டையும் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

டேங்குக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். டேங்க் அரிக்காமல் இருக்க, அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். இதைப் பலருக்கும் யாரும் சொல்வதே இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் இது. இந்தச் சின்னக் கம்பியைக் கவனிக்காமல் விட்டே எத்தனையோ நல்ல டேங்குகள் ஒழுகுகின்றன.

டேங்கின் மேலே இருக்கும் காற்றுப் போக்கிக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று மூடி போட்டு அடைக்கவே கூடாது. நீராவி போக வழியில்லாமல் டேங்க் உப்பும். தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வர முடியாமல் நசுங்கவும் செய்யும். குளவி கூடு கட்டினாலும் இதே கதைதான். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் குழாயை அடைக்காதீர்கள். பாதி டியூப்களைச் சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போங்கள்.