ஊருக்கு ரிக்கெற் போடுமுன் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்

கடவுச்சீட்டில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதியை மட்டும் நம்பி ஊருக்கு ரிக்கெற் போடாதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இலங்கைக்குப் போகிறவருக்கு, அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். ஆகவே ஊர்ப் பயணத்தைப் பொறுத்தவரை பத்து வருடக் கடவுச்சீட்டு உண்மையில் ஒன்பதரை வருடம்தான் பயன்படும். பிள்ளைகளுடைய ஐந்து வருடக் கடவுச்சீட்டு நாலரை வருடத்துக்கு மேல் உதவாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2026 ஜூலை 20 அன்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். ஆறு மாதம் கூட்டினால் 2027 ஜனவரி 20. உங்கள் கடவுச்சீட்டு 2027 ஜனவரி 10 வரை இருக்கிறது. மூன்று கிழமை நின்றுவிட்டு ஓகஸ்டிலேயே திரும்பிவிடுவீர்கள், அதற்குப் பிறகும் ஐந்து மாதம் மிச்சம் இருக்கும். இருந்தும் பத்து நாள் குறைகிறது, போக முடியாது. விதி இறங்கும் நாளிலிருந்துதான் எண்ணுகிறது. ஆனால் நான் சொல்வது, திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணுங்கள். அம்மாவுக்குச் சுகமில்லை, காணி அலுவல் முடியவில்லை என்று ஊரில் நிற்கும் நாள் நீள்வது நம் எல்லோருக்கும் நடக்கிற காரியம்.

இந்தக் கணக்கு பிழைத்தால் உங்களை நிறுத்துவது கட்டுநாயக்கா அதிகாரி அல்ல. ஹீத்ரூவிலோ, ரொறன்ரோ பியர்சனிலோ, சூரிச்சிலோ பெட்டி நிறுக்கிற இடத்திலேயே விமான நிறுவனம் நிறுத்திவிடும். உரிய பத்திரம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, தண்டப்பணமும் கட்ட வேண்டி வரலாம். அதனால் ஒவ்வொரு நாட்டின் விதிகளையும் தொகுத்து வைத்திருக்கும் ‘டிமாட்டிக்’ என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் ஊழியர் முடிவெடுக்கிறார். அங்கே நின்று கெஞ்சியும் பயனில்லை, அவர் கையில் ஒன்றும் இல்லை. இப்படித் தவறிய ரிக்கெற்றின் காசைப் பெரும்பாலான பயணக் காப்புறுதிகளும் தருவதில்லை. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஜூலை, ஓகஸ்டில் ரிக்கெற் என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் கடவுச்சீட்டைத்தான். பிரித்தானியா, கனடா, பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா எல்லாவற்றிலும் சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான் அதிகபட்சம். ஜேர்மனியில் 24 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆறு வருடம். அங்கே முன்பு நகர அலுவலகத்தில் உடனே வாங்கக்கூடியதாக இருந்த சிறுவர் கடவுச்சீட்டை 2024 ஜனவரி 1 முதல் கொடுப்பதில்லை. சாதாரணக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துக் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மூத்ததுக்கும் இளையதுக்கும் வேறு வேறு வருடத்தில் எடுத்திருப்பீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் காலாவதியாகாது. அம்மா அப்பாவின் புத்தகங்கள் சரியாக இருக்கும்போது, எல்லாம் சரி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்குப் போகலாம் என்று வருடத் தொடக்கத்தில் பேச்சு எழுந்தால், அன்றைக்கே வீட்டிலுள்ள எல்லாக் கடவுச்சீட்டையும் மேசையில் பரப்பி, தேதிகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். கோடை விடுமுறைக்கு முந்திய மாதங்களில் எல்லாருமே புதுப்பிக்கப் போவார்கள், தாமதமும் அப்போதுதான் கூடுகிறது.

தேதி சரியென்றால் அடுத்தது ஈ.டி.ஏ. என்கிற இலத்திரனியல் பயண அனுமதி. 2012இல் இலங்கை இதைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் வெளிநிறுவனம் ஒன்றின் மூலம் புதிய முறைக்கு மாறினார்கள், உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியதால் சில மாதங்களிலேயே பழைய முறை திரும்பி வந்தது. கட்டணமும் நடைமுறையும் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், போன முறை போன உறவினரின் சொல்லைக் கேட்டு நிற்காமல் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தைப் பாருங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் பல தளங்கள் இடைத்தரகர்களுடையவை, கூடுதல் காசு வாங்கிக்கொண்டு அதே படிவத்தை நிரப்பித் தருபவை. அரசின் தளம் ‘கவ் டொட் எல்கே’ என்று முடியும்.

ஈ.டி.ஏ. உங்கள் கடவுச்சீட்டு இலக்கத்தோடு கட்டப்பட்டது. அனுமதி எடுத்த பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் இலக்கம் மாறிவிடும், பழைய அனுமதி உதவாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதலில் கடவுச்சீட்டு, அப்புறம் அனுமதி. இலக்கத்தை அடிக்கும்போது பூச்சியமா ஆங்கில ‘ஓ’ எழுத்தா என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். ஜேர்மன் கடவுச்சீட்டு இலக்கத்தில் ‘ஓ’ எழுத்தே கிடையாது, அப்படித் தெரிவது பூச்சியம்தான். பெயரையும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம்மவர்களுக்கு அப்பாவின் பெயர் ஒரு நாட்டில் முதலிலும் இன்னொரு நாட்டில் கடைசியிலும் வந்துவிடுகிறது. ரிக்கெற்றில் ஒரு வரிசை, அனுமதியில் இன்னொரு வரிசை என்று இருக்கக் கூடாது. அம்மா மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், அவருடைய குடும்பப் பெயரும் பிள்ளைகளுடையதும் வேறாக இருப்பது நம்மிடையே வழமை. பிறப்புச் சான்றிதழின் பிரதியும் அப்பாவின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கையில் இருந்தால் எல்லையில் கேள்வி வந்தாலும் பதற வேண்டியதில்லை.

சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இன்னொரு நாட்டின் விதியும் சேருகிறது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டதிலிருந்து, கொழும்பில் இறங்கி நானூறு கிலோமீற்றர் தரைவழி போவதைவிட இது சுகம் என்று பலர் விரும்புகிறார்கள். லண்டனிலிருந்து சென்னை வரை ஒரு ரிக்கெற், சென்னையிலிருந்து பலாலிக்குத் தனியாக இன்னொன்று என்று வாங்கினால், சென்னையில் குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்து மறுபடி பதிய வேண்டும். அதற்கு இந்திய விசா அவசியம். இந்தியாவும் ஆறு மாதச் செல்லுபடியைக் கேட்கிறது, கூடவே இரண்டு வெற்றுப் பக்கமும் கேட்கிறது. திரும்பும்போதும் சென்னை வழி என்றால் இரண்டு முறை நுழைகிறீர்கள், விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். இந்திய விசா பழைய கடவுச்சீட்டில் எடுத்ததாக இருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்துக் கொண்டு போக வேண்டும்.

பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. 2018 செப்டெம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்கு, பழைய புத்தகத்தில் மிஞ்சியிருந்த மாதங்களில் ஒன்பது வரை புதியதில் கூட்டிக் கொடுத்தார்கள். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் போன்ற ஷெங்கன் நாடுகள் அந்தக் கூடுதல் மாதங்களை ஏற்பதில்லை. நுழையும் நாளில் கடவுச்சீட்டு கொடுத்துப் பத்து வருடம் ஆகியிருக்கக் கூடாது, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமும் இருக்க வேண்டும். 2016 ஜூன் 5இல் கொடுத்து 2027 மார்ச் 5இல் முடியும் புத்தகத்தை வைத்துக்கொண்டு 2026 ஜூலையில் யாழ்ப்பாணம் போகலாம். வழியில் பாரிஸில் இறங்கி மச்சாள் வீட்டில் இரண்டு நாள் நிற்க அதே புத்தகம் உதவாது. ஊர்ப் பயணத்தோடு சுவிஸ் கலியாணத்தையும் சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் முடிவுத் தேதியோடு கொடுத்த தேதியையும் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது செத்த வீட்டுப் பயணம். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி வரும், விடிந்ததும் ரிக்கெற் தேடுவோம், அப்போதுதான் கடவுச்சீட்டு முடிந்திருப்பது தெரியவரும். பிரித்தானியாவில் பெரியவர்கள் தங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க ‘ஒன்லைன் பிரீமியம்’ சேவை இருக்கிறது. விண்ணப்பித்து இரண்டு நாளிலிருந்து நேரம் கிடைக்கலாம், அலுவலகத்துக்குப் போன அன்றைக்கே கையில் தருவார்கள். பிள்ளைகளுக்கு அது இல்லை, ஒரு கிழமைச் சேவைதான். கனடாவில் பயணச் சான்று காட்டினால் இரண்டு வேலை நாளில் எடுக்கும் அவசர சேவை உண்டு. ஜேர்மனியில் தற்காலிகக் கடவுச்சீட்டு உடனே கிடைக்கும், ஆனால் அதன் ஆயுள் அதிகபட்சம் ஒரு வருடம். ஆறு மாத விதியைக் கழித்தால் எடுத்த முதல் அரை வருடத்துக்குள்தான் அது பயன்படும். ஊரில் வயதான பெற்றோர் இருக்கிறவர்கள், பயணத் திட்டம் ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்குக் குறைந்த செல்லுபடி மிச்சமுள்ள கடவுச்சீட்டைப் புதுப்பிக்காமல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கடைசியாக முகம் பார்ப்பது ஒரு படிவத்தால் தடைப்படக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அகதி அந்தஸ்தில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் கீழ் கொடுக்கப்படும் பயணப் பத்திரம், நீங்கள் தப்பி வந்த நாட்டுக்குப் போவதற்கானது அல்ல. சரி, இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு போவோம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த நாட்டின் பாதுகாப்பை விரும்பி மறுபடி ஏற்பதாக அது கொள்ளப்படலாம், அந்த உடன்படிக்கையின்படியே அகதி அந்தஸ்து முடிவுக்கு வரலாம். கனடாவில் 2012 டிசெம்பரில் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு இப்படி அந்தஸ்தை இழப்பவர் நிரந்தர வதிவிடத்தையும் சேர்த்து இழக்கக்கூடும். அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் குடியுரிமை எடுக்காதவர், ரிக்கெற்றுக்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசியே ஆக வேண்டும். ஊரில் என்ன அவசரம் என்றாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பெறாவிட்டால் இலங்கைக் குடியுரிமை அவரிடம் இல்லை. பெட்டிக்குள் கிடக்கும் பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் தேதி மிச்சம் இருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம். இன்னும் இலங்கைக் குடிமகனாகவே இருப்பவர்களுக்குச் சொந்த நாட்டுக்குள் நுழைய ஆறு மாத விதி இல்லை, ஆனால் திரும்பி வரும் நாட்டின் விதியும் வழியில் மாறும் நாட்டின் விதியும் உண்டு. தூதரகத்தில் கொடுத்துப் புதுப்பித்தால் விண்ணப்பம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களம் வரை போய்வர வேண்டும், நேரம் ஒதுக்குங்கள்.

ஊரில் நிற்கும்போது தொலைந்தால் முதலில் அருகிலுள்ள பொலிஸில் முறைப்பாடு, பிறகு கொழும்பிலுள்ள உங்கள் நாட்டுத் தூதரகம். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை உங்கள் தொலைபேசியிலும் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரிடமும் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போங்கள். நோர்வேக்காரர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கொழும்பிலிருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது, இலங்கை அலுவல்களை இப்போது புது டில்லிதான் பார்க்கிறது.

திரும்பி வருவதற்கான பத்திரங்களையும் அதே தாளில் எழுதுங்கள். கனடியக் குடியுரிமையோடு இன்னொரு குடியுரிமையும் உள்ளவர் கனடாவுக்கு விமானம் ஏறச் செல்லுபடியாகும் கனடியக் கடவுச்சீட்டு தேவை, 2016 நவம்பரிலிருந்து இது கண்டிப்பான விதி. கனடாவின் நிரந்தர வதிவாளர் அட்டை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முடியும். ஊரில் நிற்கும்போது முடிந்தால் தனியாக ஒரு பயணப் பத்திரம் எடுக்காமல் விமானம் ஏற முடியாது. பிரித்தானியாவில் வதிவிட அட்டைக்குப் பதிலாக, இணையக் கணக்கில் பதிந்திருக்கும் ஈ-விசா வந்துவிட்டது. புதிய கடவுச்சீட்டு எடுத்ததும் அதன் இலக்கத்தை உங்கள் குடிவரவுக் கணக்கில் ஏற்றுங்கள். ஏற்றாமல் போனால், கொழும்பில் திரும்பி ஏறும்போது உங்கள் அனுமதியை விமான நிறுவனத்தால் சரிபார்க்க முடியாமல் போகலாம்.